அந்த ராணி கேக் சாப்பிடச் சொன்னாரா?

"ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்" என்று பிரெஞ்சு ராணி மேரி அன்டாய்னெட் சொன்னதாகப் பள்ளியில் படித்தோம், இப்போது அது பொய் என்கிறார்கள், எதை நம்புவது, "நானே அரசு" மாதிரியான மற்ற ராஜா ராணி வசனங்களும் இப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே கேள்விபோலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. அது அவர் வாயிலிருந்து வந்ததா? இல்லையென்றால் எங்கிருந்து கிளம்பி அவர் தலையில் வந்து விழுந்தது? மற்ற வசனங்களை நாமே சோதிப்பது எப்படி? முதல் கேள்விக்குப் பதில் சின்னது. அவர் சொன்னதற்குச் சாட்சி ஒருவரும் இல்லை. அவர்தான் முதலில் சொன்னார் என்பது நடக்கவே முடியாத காரியம். மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

முதலில் வாசகத்தையே சரியாகப் பிடித்துக்கொள்வோம். "கேக்" என்பது ஆங்கிலத்தில் நுழைந்த சொல். நாம் ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்டோம். பிரெஞ்சில் இருப்பது பிரியோஷ். ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, வெண்ணெயும் முட்டையும் தாராளமாகச் சேர்த்துச் சுடும் ரொட்டி. நெய்யொழுகச் செய்வதென்றால் 500 கிராம் மாவுக்கு 250 கிராம் வெண்ணெய், ஐந்தாறு முட்டை போகும். மேலே கிரீம் பூசிய பிறந்தநாள் கேக்கைக் கற்பனை செய்துகொண்டால் வாசகத்தின் அர்த்தமே மாறிவிடும். ரொட்டிக்கு மாற்றாக ரொட்டியிலேயே உயர்ந்த ரகத்தைச் சொல்வதுதான் அதிலுள்ள அபத்தம். நம் ஊர்க் கணக்கில், கஞ்சிக்கே வழியில்லாதவனிடம் "அப்போது நெய்ப்பொங்கல் சாப்பிடலாமே" என்பதுபோல.

இந்த பிரியோஷ் வாசகம் நமக்குக் கிடைப்பது தத்துவஞானி ரூசோவின் தன்வரலாற்றில், ஆறாம் பாகத்தில். அந்த இடத்தை முழுதாகப் படித்தால் அதில் அரசியலே இல்லை. இருப்பது ஒரு திருட்டு. 1740 வாக்கில் லியோன் நகரில் மாப்ளி என்ற பிரபுவின் வீட்டில் ரூசோ குழந்தைகளுக்கு வாத்தியாராக இருந்தார். அங்கே அர்புவா என்ற ஊரின் வெள்ளை ஒயினில் அவருக்கு ஆசை விழுந்தது. அவ்வப்போது ஒரு பாட்டிலை நைசாகத் தன் அறைக்குக் கொண்டுபோய்விடுவார். ஆனால் தொட்டுக்கொள்ள ஏதாவது இல்லாமல் அவருக்கு ஒயின் இறங்காது. வீட்டு ரொட்டியை எடுத்தால் மாட்டிக்கொள்வார். இடுப்பில் வாள் தொங்கும் கனவான் ரொட்டிக்கடையில் நின்று துண்டு ரொட்டி வாங்குவதா என்ற கூச்சம் வேறு. அப்போது அவருக்கு ஞாபகம் வருகிறது: குடியானவர்களுக்கு ரொட்டி இல்லை என்று சொன்னபோது "பிரியோஷ் தின்னட்டுமே" என்று பதில் சொன்ன "ஒரு பெரிய இளவரசி". உடனே பிரியோஷ் வாங்கப் புறப்படுகிறார். அதற்கும் கூச்சம், ஊர் முழுக்கச் சுற்றி, முப்பது பலகாரக் கடைகளைத் தாண்டிப் போன பிறகுதான் ஒன்றில் நுழைவாராம். மூல வரலாறு இவ்வளவுதான். இளவரசிக்குப் பெயர் கிடையாது.

இப்போது தேதிகளை அடுக்குங்கள். மேரி அன்டாய்னெட் வியன்னாவில் பிறந்தது 1755 நவம்பர் 2. ரூசோ ஒயின் திருடிய காலத்தில் அவர் பிறக்கவே இல்லை. ரூசோ அந்தப் பாகங்களை எழுதியது 1760களின் நடுவிலும் பிற்பாதியிலும். அப்போது அவர் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி, இருந்தது ஆஸ்திரியாவில். திருமணத்துக்காக அவர் பிரான்சுக்கு வந்தது 1770 மே மாதம். புத்தகத்தின் அந்தப் பகுதி அச்சானது 1782இல், ரூசோ இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து. குழப்பத்தின் வேர் இந்தக் கடைசித் தேதியில்தான் இருக்கிறது. 1782 என்று மட்டும் பார்ப்பவருக்கு, அன்று அரியணையில் இருந்த ராணியைத்தான் ஆசிரியர் ஜாடையாகக் குத்துகிறார் என்று தோன்றும்.

பிரெஞ்சு அரச குடும்பத்துக்குள்ளேயே இதற்கு வேறொரு வடிவம் புழங்கியிருக்கிறது. மேரி அன்டாய்னெட்டின் கணவர் பதினாறாம் லூயியின் தம்பி, பின்னாளில் பதினெட்டாம் லூயியாக முடிசூடியவர், 1791இல் தான் நாட்டைவிட்டுத் தப்பிய பயணத்தைப் பற்றி எழுதிய குறிப்பு 1823இல் அச்சானது. வழியில் சாப்பிட இறைச்சி பை (மாவு ஓட்டுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டம்) இருக்கிறது. ரொட்டி கொண்டுவர மறந்துவிட்டார்கள். பையின் மேலோட்டையே ரொட்டிக்குப் பதிலாகத் தின்னும்போது, "ஐயோ பாவம், அவர்கள் ஏன் பையின் மேலோட்டைச் சாப்பிடக்கூடாது?" என்று கேட்ட ராணி மரியா தெரசாவை நினைத்துக்கொண்டோம் என்கிறார். இந்த மரியா தெரசா பதினான்காம் லூயியின் மனைவி, 1683இலேயே இறந்தவர். எழுதியவர் மேரி அன்டாய்னெட்டின் சொந்தக் கொழுந்தன். அண்ணிமேல் அவருக்குப் பெரிய பாசமும் கிடையாது. வீட்டுக்குள் அண்ணி பெயரில் இப்படி ஒரு பேச்சு இருந்திருந்தால், நூறு வருடத்துக்கு முந்திய ராணியைத் தேடிப் போயிருக்க மாட்டார். இன்னொரு நினைவுக்குறிப்பு இதே மேலோட்டு வாசகத்தைப் பதினைந்தாம் லூயியின் மகள் விக்தவார் பெயரில் சொல்கிறது. 1843இல் அல்ஃபோன்ஸ் கார் என்ற பத்திரிகையாளர், இது மேரி அன்டாய்னெட் சொன்னதல்ல, 1760ஆம் ஆண்டுப் புத்தகமொன்றில் தஸ்கனியின் சீமாட்டி ஒருத்தி பெயரில் இருக்கிறது என்று எழுதினார். அந்தப் புத்தகத்தைப் பற்றி அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் 1843இல் ஒருவர் மறுப்பு எழுதுகிறார் என்றால், அதற்குள் ஊர் வாயில் வாசகம் மேரி அன்டாய்னெட்டிடம் வந்து சேர்ந்துவிட்டது என்று தெரிகிறது.

மேலோடு என்றதும் ஒரு சின்ன விஷயம். அன்றைய இறைச்சி பையின் ஓடு பெரும்பாலும் மாவையும் தண்ணீரையும் கெட்டியாகப் பிசைந்து செய்த பாத்திரம் மாதிரி. உள்ளே இருப்பதைக் காப்பதுதான் அதன் வேலை, பலர் அதைத் தின்னாமலே ஒதுக்குவார்கள். ஆகவே "மேலோட்டையாவது தின்னலாமே" என்பது பிரியோஷ் அளவுக்கு விவரம் கெட்ட பேச்சல்ல. சோறில்லாதவனிடம் வாழைத்தண்டையாவது சமைக்கலாமே என்பதுபோல, அறியாமையும் இரக்கமும் பாதிப் பாதி. எது முந்தியது, எதிலிருந்து எது வந்தது என்று தீர்ப்புச் சொல்ல இருக்கும் ஆவணங்கள் போதாது. ஆனால் பெயர் மாறிக்கொண்டே இருக்க வாசகம் மட்டும் அப்படியே நிற்கிறது பாருங்கள், அதுதான் முக்கியமான அறிகுறி. ஒரே வாசகத்துக்கு நான்கு சொந்தக்காரர்கள் இருந்தால், அது ஒருவர் பேசிய பேச்சு அல்ல, ஊரில் சுற்றும் கதை என்று எடுத்துக்கொள்வதே சரி.

இந்தக் கதை ஐரோப்பாவுக்கு மட்டும் சொந்தமும் அல்ல. சீனாவில் கி.பி. 290இல் பட்டத்துக்கு வந்த ஜின் வம்சத்துப் பேரரசர் ஹுயி, பஞ்சத்தில் சனங்கள் அரிசியில்லாமல் சாகிறார்கள் என்று சொன்னபோது "இறைச்சிக் கஞ்சி குடிக்கலாமே" என்று கேட்டதாக ஜின் வம்ச வரலாறு சொல்கிறது. அதே இடத்தில் இன்னொரு துணுக்கும் உண்டு: தோட்டத்தில் தவளைகள் கத்துவதைக் கேட்டு, "இவை அரசாங்கத்துக்காகக் கத்துகின்றனவா, சொந்த வேலையாகக் கத்துகின்றனவா?" என்று விசாரித்தாராம். அந்த நூல் தொகுக்கப்பட்டது 648இல், சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து. சீனத்திலிருந்து ரூசோவுக்கு இது வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை, தேவையும் இல்லை. வயிறு நிறைந்த அரண்மனையைப் பற்றிப் பசித்தவர்கள் எந்த ஊரிலும் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

சரி, அது ஏன் இந்த ராணியிடம் ஒட்டியது? இங்கே உறுதியான விஷயங்கள் நிறைய உண்டு. 1788 கோடையில் 9 சூ (அன்றைய பிரெஞ்சுச் சில்லறைக் காசு) அளவில் இருந்த நான்கு பவுண்டு ரொட்டியின் விலை 1789 பிப்ரவரியில் பாரிஸில் பதினான்கரை சூவுக்கு ஏறியது. சாதாரணக் கூலியாளின் ஒரு நாள் சம்பளம் 20 முதல் 30 சூ. வீட்டில் நான்கு வாய் இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு ரொட்டி வேண்டும்; பாதிக் கூலி அதற்கே போகும், சில நாள் அதற்கு மேலும். 1789 அக்டோபர் 5ஆம் தேதி பெண்கள் வெர்செய்ல்ஸுக்கு நடந்துபோய், மறுநாள் அரச குடும்பத்தைப் பாரிஸுக்கு அழைத்துவந்தபோது "ரொட்டிக்காரனையும் ரொட்டிக்காரியையும் ரொட்டிக்காரப் பையனையும் கூட்டிவந்துவிட்டோம்" என்று பாடினார்கள். ராணியையும் ரொட்டியையும் ஒரே மூச்சில் பேசும் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது. அதோடு அவர் வெளிநாட்டுக்காரி, ஆஸ்திரியாக்காரி; செலவாளி என்று பெயர்; "பற்றாக்குறைச் சீமாட்டி" என்றே பட்டம் கட்டியிருந்தார்கள். ஆனாலும், அவரை இவ்வளவு கேவலமாக எழுதிய புரட்சிக்காலத் துண்டுப் பிரசுரங்களில் இந்த வாசகம் அவர் பெயரில் அகப்படவில்லை. 1793 அக்டோபர் விசாரணையில் பெற்ற மகனைவைத்தே வாயால் சொல்லக் கூசும் குற்றத்தைச் சுமத்தினார்கள். கையில் இப்படி ஒரு வாசகம் இருந்திருந்தால் சும்மா விட்டிருப்பார்களா? எதிரியின் மௌனம் நல்ல சாட்சி. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. எதிரிகள் நிறைய எழுதி, எழுதியது நிறைய மிஞ்சியிருக்கும் ஆளுக்குத்தான் இந்த வாதம் செல்லும். ஆயிரம் வருடத்துக்கு முந்திய சிற்றரசனுக்கு இதைப் பொருத்தினால் ஒன்றும் தேறாது.

ராணி பக்கம் பேசுபவர்கள் இரண்டு வாதங்களைக் கொண்டுவருவார்கள். ஒன்று, சாதா ரொட்டி தீர்ந்தால் பிரியோஷையும் அதே விலைக்கு விற்க வேண்டும் என்று பேக்கரிகளுக்குச் சட்டம் இருந்தது, ராணி அதைத்தான் சொன்னார் என்பது. இதை விட்டுத்தள்ளுங்கள். சொல்லாத வாசகத்துக்கு நல்ல அர்த்தம் கற்பிக்கும் வேலை அது. ரூசோவின் வரியிலோ பதினெட்டாம் லூயியின் குறிப்பிலோ சட்டத்தைப் பற்றிய பேச்சே இல்லை. இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது. 1775 வசந்தத்தில் மாவு விலையேற்றத்தால் பாரிஸைச் சுற்றிக் கலவரங்கள் நடந்தன. ஜூனில் பதினாறாம் லூயியின் முடிசூட்டு விழா. அது முடிந்ததும் ராணி தன் தாய்க்கு எழுதிய கடிதத்தில், இவ்வளவு கஷ்டத்திலும் நம்மை இப்படி வரவேற்கும் மக்களின் நலனுக்காக முன்னைவிட அதிகமாக உழைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம் என்கிறார். கடிதம் உண்மையானது. அதனால் அவர் ஏழைகளுக்காக உருகினார் என்று முடிவுகட்டிவிட முடியாது; கண்டிப்பான தாய்க்கு மகள் எழுதியது அல்லவா? இருந்தாலும் மக்களுக்கு ரொட்டிக் கஷ்டம் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அது போதும். இவர் கடிதங்களை மேற்கோள் காட்டும்போது எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளவும். 1860களில் பாரிஸில் வெளிவந்த தொகுப்புகளில் போலிக் கடிதங்கள் கலந்திருந்தன. வியன்னா ஆவணக்காப்பகத்தின் அசல்களை வரலாற்றாசிரியர் ஆர்னெத் வெளியிட்ட பிறகுதான் அது அம்பலமானது.

இனி சோதிக்கும் முறைக்கு வருகிறேன். எந்த வாசகமானாலும் மூன்று தேதிகளை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: சொன்னதாகச் சொல்லப்படும் தேதி, முதன்முதலில் எழுதப்பட்ட தேதி, அச்சான தேதி. பிறகு எழுதியவர் யார், அந்த இடத்தில் இருந்தாரா, யாருக்காக எழுதினார் என்று பக்கத்தில் குறியுங்கள். பாதி வாசகங்கள் இந்தக் காகிதத்தைத் தாண்டாது. நீங்கள் கேட்ட "நானே அரசு" இதற்கு நல்ல உதாரணம். பதினான்காம் லூயி 1655 ஏப்ரல் 13 அன்று, பதினாறு வயதில், வேட்டை உடையோடு பாரிஸ் பார்லெமான் நீதிமன்றத்துக்குள் நுழைந்து இதைச் சொன்னதாகக் கதை. அவர் போனதும், கூட்டங்களை நிறுத்தச் சொன்னதும் நிஜம். ஆனால் நீதிமன்றப் பதிவில் இந்த வரி கிடையாது. 1751இல் எழுத்தாளர் வால்டேர் பூட்ஸும் சாட்டையுமாக அந்தக் காட்சியை விவரிக்கிறார். அவரிடமும் இந்த வரி இல்லை. கிடைத்த நல்ல வசனத்தை விட்டுவிடும் ஆள் அல்ல வால்டேர். பிறகு வந்தவர்கள் சேர்த்தது இது. 1715இல் மரணப்படுக்கையில் அதே அரசர் சொன்னதாக, அரண்மனையிலேயே இருந்து தினமும் நாட்குறிப்பு எழுதிய தாஞ்ஜோ பதிந்திருப்பது கிட்டத்தட்ட நேரெதிர்: "நான் போகிறேன், ஆனால் அரசு என்றும் இருக்கும்." சாட்சி உள்ள வாசகம் இதுதான், பாவம், யாருக்கும் ஞாபகமில்லை.

நான்காம் ஹென்றி பாரிஸைப் பிடிக்கக் கத்தோலிக்க மதத்துக்கு மாறியபோது "பாரிஸுக்காக ஒரு பூசை கேட்கலாம்" (பூசை என்பது கத்தோலிக்கத் திருப்பலி) என்று சொன்னதாகப் படித்திருப்பீர்கள். மதம் மாறியது 1593 ஜூலை 25. வாசகம் அச்சில் தலைகாட்டுவது 1622இல், ஒரு நையாண்டி நூலில், அதுவும் அரசர் சொன்னதாக அல்ல. "மகுடத்துக்காக ஒரு பூசை கேட்கலாம், பிரபுவே" என்று மந்திரி சுல்லி அரசரிடம் சொல்வதாக. சொன்னவர் மாறினார், மகுடம் பாரிஸானது. "ஒவ்வொரு குடியானவன் பானையிலும் ஞாயிற்றுக்கிழமை கோழி" என்பதும் இவர் தலையில்தான். அதற்கும் கைக்குக் கிடைப்பது 1661ஆம் ஆண்டு வாழ்க்கை வரலாறு, அவர் கொலையாகி ஐம்பத்தோரு ஆண்டுகளுக்குப் பின்னால்.

விக்டோரியா மகாராணியின் "எமக்கு இது சிரிப்பாக இல்லை" சுருக்கமாகப் போகலாம். ராணி இறந்தது 1901; வாசகத்தை நமக்குத் தருவது 1919இல் பெயரில்லாமல் வந்த ஒரு சீமாட்டியின் குறிப்பேடு, அதுவும் கேள்விப்பட்டதாக. பேத்தி ஆலிஸ் இளவரசி, பாட்டியிடமே கேட்டதாகவும் அவர் அப்படிச் சொன்னதே இல்லை என்றதாகவும் முதுமையில் பேட்டி கொடுத்தார். ராணியின் நாட்குறிப்பில் மிகவும் ரசித்தேன், சிரித்தேன் என்பது திரும்பத் திரும்ப வருகிறது. அந்த நாட்குறிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு: இன்று இருக்கும் 141 தொகுதிகளில் பெரும்பான்மை, மகள் பியாட்ரிஸ் தணிக்கை செய்து நகலெடுத்தவை, நகல் முடிந்ததும் அசலை எரித்துவிட்டார். நாட்குறிப்பில் ஒன்று இல்லை என்பதை நிரூபணமாக நீட்டும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

எல்லாமே பொய் என்ற முடிவுக்கும் போய்விடாதீர்கள். முதலாம் எலிசபெத் 1588 ஆகஸ்டில் டில்பரி முகாமில், "என் உடல் வலுவில்லாத பெண்ணின் உடல்தான், ஆனால் நெஞ்சு ஒரு மன்னனின் நெஞ்சு" என்று படைவீரர்களிடம் பேசியது இடைப்பட்ட ரகம். இந்தப் பாடம் வருவது லயோனல் ஷார்ப் என்ற மதகுரு 1620களின் தொடக்கத்தில் எழுதிய கடிதத்தில்; அச்சானது 1654இல். முப்பத்தைந்து ஆண்டு இடைவெளி பெரியதுதான். ஆனால் ஷார்ப் 1588இல் தளபதி லெஸ்டரின் மதகுருவாக அந்த முகாமிலேயே இருந்தவர். ராணி அங்கே போய்ப் பேசினார் என்பதற்கு அதே ஆண்டு எழுதிய கவிதை சாட்சி. ஆக, பேச்சு நடந்தது உறுதி. கருத்து பெரும்பாலும் அவருடையது என்று நம்பலாம். சொல்லுக்குச் சொல் இதுவா என்றால், மைக் இல்லாத மைதானத்தில் பேசியதைப் பல ஆண்டு கழித்து எழுதிய பாடம், அவ்வளவுதான் அதன் எடை.

இன்னொரு வகைப் பிழை, வாசகம் நிஜமாகவே இருந்து அர்த்தம் மட்டும் திருகிப் போவது. பாஸ்டீல் சிறை தகர்ந்த 1789 ஜூலை 14 அன்று பதினாறாம் லூயி தன் குறிப்பேட்டில் "ஒன்றுமில்லை" என்று எழுதினார். இது உண்மை, கையெழுத்தே இருக்கிறது. ஆனால் அது முக்கியமாக வேட்டைக் கணக்கு. அன்று வேட்டை இல்லை என்பதே அதன் பொருள். ஜூலை 11ஆம் தேதி வரியைப் பார்த்தால் புரியும்: "ஒன்றுமில்லை. நெக்கர் கிளம்பினார்." நாட்டையே கொந்தளிக்கவைத்த மந்திரி நீக்கத்தையும் எழுதிவிட்டு, முன்னால் அதே "ஒன்றுமில்லை". அலைகளைத் திரும்பிப் போகச் சொன்ன, இங்கிலாந்தை ஆண்ட கனூட் மன்னன் கதையும் இப்படித் தலைகீழானதுதான். 1035இல் இறந்த அவரைப் பற்றி, கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்து ஹன்டிங்டன் ஹென்றி எழுதியதில், கடலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தது அரசனின் அதிகாரம் எவ்வளவு அற்பம் என்று காட்டத்தான். இன்று பத்திரிகைகளில் "கனூட் போல" என்றால் திமிர் பிடித்தவன் என்று அர்த்தமாகிவிட்டது. கதை நடந்ததா என்பதே சந்தேகம். அதற்குள் கதையின் நீதியையும் மாற்றிவிட்டோம்.

நம் பக்கத்துக்கு வருவதானால் திப்பு சுல்தான். "ஆடாக நூறு நாள் வாழ்வதைவிடப் புலியாக ஒரு நாள் வாழ்வது மேல்" என்று சுவரொட்டிகளில் போடுகிறார்கள். திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தது 1799 மே 4. அந்தப் போரில் ஆங்கிலேயர் பக்கம் இருந்த அலெக்சாண்டர் பீட்சன் 1800இல் வெளியிட்ட நூலில் இது இருக்கிறது. அங்கே எண்ணிக்கை வேறு: புலியாக இரண்டு நாள், ஆடாக இருநூறு ஆண்டு. அடிக்கடி அப்படிச் சொல்வார் என்று கேள்விப்பட்டதாக எழுதுகிறார். ஓராண்டு இடைவெளி, போர்க்களத்தில் இருந்த எழுத்தாளர், இரண்டும் நல்லவை. எதிரி, காதில் விழுந்த செய்தி, மொழிபெயர்ப்பு, மூன்றும் பலவீனம். மேரி அன்டாய்னெட் வாசகத்தைவிட நூறு மடங்கு மேலான ஆதாரம், ஆனால் "ஒரு நாள், நூறு நாள்" என்று மேற்கோள் குறிக்குள் போட்டால் பிழை. 1928இல் இத்தாலி வெளியிட்ட 20 லிரா நாணயத்திலும் ஆட்டைப் பற்றிய இதே மாதிரி வாசகம் சிங்கத்தோடு வருகிறது. பழமொழிக்கும் மேற்கோளுக்கும் நடுவே வேலி கிடையாது என்பதற்கு அது ஒரு சாட்சி.

கட்டபொம்மனைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. வரி, வட்டி, கிஸ்தி என்று ஆங்கிலேய அதிகாரியிடம் சீறும் வசனம் 1959ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் வருவது. 1798இல் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்ததும், கப்பப் பாக்கிதான் தகராறு என்பதும் கம்பெனி ஆவணத்தில் இருப்பவை, பேச்சு வசனகர்த்தாவுடையது. இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. "யானோ அரசன் யானே கள்வன்" என்று பாண்டியன் சொன்னதாகச் சொல்லும்போது அது சிலப்பதிகாரத்தின் வரி என்று எல்லோருக்கும் தெரியும். சினிமா வசனத்துக்கும் அதே தெளிவு இருந்தால் போதும். கயத்தாறில் 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிட்ட மேஜர் பானர்மேன் மறுநாள் எழுதிய கடிதம் கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாற்றில் இருக்கிறது: விசாரணை முழுக்க அஞ்சாமல் நின்றார், எட்டயபுரத்தாரை அடிக்கடி வெறுப்போடு பார்த்தார், தூக்குக்குப் போகும்போது உறுதியான நடையோடு போனார் என்று. பேசிய வாசகம் ஒன்றுகூட அதில் இல்லை, நடை மட்டும் இருக்கிறது. கொன்றவனே எழுதிக்கொடுத்த அந்த நடைக்கு முன்னால் எந்த வசனமும் நிற்காது என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக, தேடும்போது எங்கே வழுக்கும் என்பது. மூலமொழியில் தேடுங்கள்; மொழிபெயர்ப்பில் தேடினால் மொழிபெயர்த்தவர்தான் அகப்படுவார். பிரெஞ்சு நூல்களுக்கு அந்நாட்டுத் தேசிய நூலகத்தின் காலிகா தளம், மற்றவற்றுக்குக் கூகுள் புக்ஸில் ஆண்டு வரம்பு போட்டுத் தேடுவது. 1800க்கு முந்திய அச்சில் "எஸ்" எழுத்து நீளமாக "எஃப்" போல இருக்கும்; இயந்திரம் அதை எஃப் என்றே படித்துவைத்திருக்கும். பூசையைக் குறிக்கும் "மெஸ்" என்ற சொல் "மெஃப்" என்று பதிவாகியிருந்தால் சாதாரணத் தேடலில் வராது. இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். அரசுக்கும் அரசனுக்கும் பதினேழாம் நூற்றாண்டு எழுத்துக்கூட்டல் வேறு, அதையும் முயலுங்கள். பல ஆண்டு வந்த இதழ்களுக்குக் கூகுள் முதல் தொகுதியின் ஆண்டையே எல்லாவற்றுக்கும் போட்டுவிடுவது உண்டு. 1790 என்று காட்டும் பக்கத்தைத் திறந்தால் உள்ளே 1850 இருக்கும். முகப்புப் பக்கத்தின் படத்தைக் கண்ணால் பார்க்காமல் ஆண்டை நம்பாதீர்கள். அப்புறம், அரசர் பெயரை எடுத்துவிட்டு வாசகத்தை மட்டும் ஒருமுறை தேடுங்கள். வேறு சொந்தக்காரர்கள் அப்போதுதான் வெளியே வருவார்கள்.

நீங்கள் இதை எங்காவது எழுதப்போகிறீர்கள் என்றால், மேரி அன்டாய்னெட்டுக்கு "பின்னாளில் அவர் பெயரில் வழங்கியது" என்று போடுங்கள்; பதினான்காம் லூயிக்கும் அதுவே பொருந்தும். எலிசபெத்துக்கு "ஷார்ப் எழுதியபடி", திப்புவுக்கு "பீட்சன் கேள்விப்பட்டபடி". ரூசோவை மேற்கோள் காட்டினால், இளவரசிக்கு அவர் பெயர் சொல்லவில்லை என்பதை விட்டுவிடாதீர்கள்.